அந்திம தசையில் நினைப்பவர் யார்?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்தில் மரணப் படுக்கையைப் பற்றிய இரண்டு பதிகங்கள் உள்ளன. ஐந்தாம் திருமொழியில் ஆழ்வார் நம்மை ஒரு வீட்டுக்குள் அழைத்துச் செல்கிறார். நடுவே ஒருவன் கிடக்கிறான். கோழை மிடற்றை அடைத்திருக்கிறது, நா எழவில்லை. சுற்றியிருக்கும் உறவினரோ, மறதியாக எங்கேனும் பொருளை வைத்திருந்தால் அதைச் சொல் என்று அவனைக் குடைகிறார்கள். அந்த நிலை வருவதற்கு முன்னமே எம்பெருமானுடைய திருநாமத்தைச் சொல்லுங்கள் என்பது அங்கே ஆழ்வார் செய்யும் உபதேசம். பத்தாம் திருமொழியில் அவர் தம்மையே அந்தப் படுக்கையில் வைத்துப் பார்க்கிறார். திருவரங்கத்து அரவணையானிடம், இளைப்பு வந்து நலியும் வேளையில் உன்னை நினைக்க என்னால் ஆகாது, ஆகையால் அன்றைக்கு வேண்டிய விண்ணப்பத்தை இன்றைக்கே செய்துவிட்டேன் என்கிறார். யானைக்கு அருளியவன் என்பதே அவர் பற்றிய பற்றுக்கோடு.

இவ்விரண்டு பதிகங்களையும் நாம் பலகால் ஸேவித்திருக்கிறோம், பொருளும் கேட்டிருக்கிறோம். ஆயினும் உத்திரமேரூரை அடுத்த ஒரு சிற்றூரில், எங்கள் திருத்தகப்பனாருடைய கட்டிலைச் சுற்றி நாங்கள் உடன்பிறந்தார் மூவரும் நின்றபோதுதான், ஆழ்வார் காட்டிய அந்த வீடு எங்களுடையதாகவும் இருக்கக்கூடும் என்று உறைத்தது. புதைத்த பொருளை நாங்கள் கேட்கவில்லை. ஆனால் நாங்களும் அவரிடம் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதைப் பற்றியே இக்கட்டுரை.

அவருக்கு வயது 78. கணையத்தில் புற்று. புரட்டாசியில் தெரியவந்தபோதே அது கல்லீரலுக்கும் பரவியிருந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் சில வாரங்கள் வைத்திருந்தோம். ஒருநாள் அங்கிருந்த மருத்துவர், “இனி எங்களால் ஆவதொன்றும் இல்லை, விரும்பினால் இன்னொரு சுற்று மருந்து ஏற்றிப் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்று மாலை தகப்பனார் எங்களில் ஒருவரை அருகே அழைத்தார்.

“டாக்டர் என்ன சொன்னார்? மறைக்காமச் சொல்லு.”

“கட்டி இனிமே கரையாதுங்கறார் அப்பா. வலி இல்லாமப் பாத்துக்கலாமாம்.”

“அப்ப ஆத்துக்கே போயிடலாம்.”

அவர் அவ்வளவு எளிதாகச் சொன்னதை ஏற்றுக்கொள்வது எங்களுக்கு எளிதாக இல்லை. தமக்கையார், தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். வீட்டுக்கு அழைத்துப் போவது கைவிடுவதாகும் என்று அழுதார். தமையனாருக்கு வேறொரு கலக்கம். வலிக்கு மார்ஃபின் கொடுப்பார்களாம், அதைக் கொடுத்தால் நினைவு மங்கிவிடும், அறுபது ஆண்டுகள் திருவாராதனம் செய்தவர் கடைசியில் ஒரு திருநாமமும் சொல்லாமல் போய்விடுவாரே என்றார். இருவரும் அன்பினாலேயே பேசினார்கள். ஆகையால் அவர்களுடைய சங்கைகளைத் தள்ளிவிடாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

அதற்குமுன், இனி ஆவதொன்றும் இல்லை என்ற அந்த வார்த்தையை ஆராய்வோம். நோயை மாற்ற இயலாது என்பது ஒன்று; நோயாளிக்குச் செய்யத்தக்கது ஏதுமில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வேறு என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தியவர்களில் முதன்மையானவர் ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்ற ஆங்கிலேய அம்மையார். செவிலியாகத் தொடங்கிப் பின்னர் மருத்துவரான அவர், 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை நிறுவினார். உடலின் நோவு, மனத்தின் அச்சம், குடும்பத்தைப் பற்றிய கவலை, ஆன்மாவின் தவிப்பு ஆகிய நான்கும் கலந்ததே சாகிறவருடைய வலி என்பதும், நான்குக்கும் சேர்த்தே மருந்து தேட வேண்டும் என்பதும் அவருடைய கொள்கை. நம் தேசத்தில் 1986இல் மும்பையில் முதல் ஹாஸ்பிஸ் அமைந்தது. 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய முயற்சி, ஊரார் துணையோடு வீட்டுக்கே சென்று பார்க்கும் முறையாகக் கேரளம் முழுதும் வளர்ந்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்போருக்கு வீட்டிலேயே நோய் ஆதரவுச் சிகிச்சை அளிப்பதும் ஓர் அங்கம். மருத்துவர்கள் பேலியேட்டிவ் கேர் என்று சொல்வது இதுவே. ஆகவே ஹாஸ்பிஸ் என்பதை ஒரு கட்டடம் என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் கூடமே அதுவாயிற்று.

இனி முதற்சங்கை. சிகிச்சையை நிறுத்துவது கைவிடுவது ஆகாதோ? ஒருபடி மேலே போய், அது உயிரைப் போக்குவதற்கு ஒப்பாகாதோ?

காஞ்சியிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில், பாலுசெட்டி சத்திரத்துக்கு அருகே, திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த திருப்புட்குழி உள்ளது. பெரிய உடையாராகிய ஜடாயுவுக்கு எம்பெருமான் சரம கைங்கர்யம் செய்த இடம் என்பது அத்தலத்தின் ஐதிஹ்யம். சிறகறுந்து கிடந்தவரைக் கண்ட பெருமாள் செய்தது என்ன என்று ஸ்ரீராமாயணத்தில் பார்த்தால், கையால் தடவிக்கொடுத்தார், கட்டிக்கொண்டு அழுதார், பிராட்டியைப் பிரிந்த துக்கத்தினும் இவர் நமக்காக மாண்ட துக்கம் பெரியது என்று இளைய பெருமாளிடம் சொன்னார், மேலான உலகங்களுக்குச் செல்ல விடை கொடுத்தார், புத்திரன் ஸ்தானத்தில் நின்று ஸம்ஸ்காரமும் செய்தார். ஸர்வசக்தனான அவன் அந்த உயிரைப் பிடித்து நிறுத்த முயலவில்லை. அதனால் ஜடாயுவைக் கைவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. உடனிருந்தான் என்பதையே நாம் கொண்டாடுகிறோம்.

பலன் தரும் சிகிச்சை இருக்கும்போது அதைச் செய்வதே கடமை, இதில் ஐயமில்லை. மருந்தால் நோய் மீளாது, அது சாவை மட்டுமே நீட்டிக்கும் என்று அறிந்தவர்கள் சொல்லும் நிலையில் கேள்வி மாறுகிறது. உலக சுகாதார நிறுவனம் நோய் ஆதரவுச் சிகிச்சைக்குக் கூறும் இலக்கணத்தில், சாவை விரைவுபடுத்துவதும் இல்லை, தள்ளிப்போடுவதும் இல்லை என்று ஓர் அம்சம் உண்டு. இது நம் ஸம்ப்ரதாயத்துக்கு அந்நியமானதன்று. ப்ரபந்நர்களில் த்ருப்தன் என்று ஆசார்யர்கள் குறிப்பவன் இந்தச் சரீரம் முடியுமளவும் காத்திருப்பவன். அவன் அதை உதறித் தள்ளவும் மாட்டான், இறுக்கிப் பிடிக்கவும் மாட்டான். நம் தேசத்துச் சட்டமும் இந்த வேறுபாட்டைக் கண்டிருக்கிறது. 2018 மார்ச் 9ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, மீளமாட்டாத நோயாளிக்குப் பயனற்ற உயிர்காப்பு முறைகளை விலக்கிக்கொள்ளலாம் என்றும், அதைப் பற்றிய தம் விருப்பத்தை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. அதன் நடைமுறைகளை 2023இல் எளிமையாக்கியது. உயிரைப் போக்க மருந்து செலுத்துவதை அத்தீர்ப்பு அனுமதிக்கவில்லை. முன்கூட்டியே எழுதி வைப்பது என்று படித்தபோது, ஆழ்வார் முன்கூட்டியே செய்துகொண்ட விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. பேச இயலாத நாள் வரும் என்று அறிந்து, பேச இயலும் நாளில் சொல்லிவிடுவது இரண்டுக்கும் பொது.

இரண்டாவது சங்கை உறவினர் ஒருவர் வாயிலாக வந்தது. வலி ப்ராரப்த கர்மத்தின் பலன். அனுபவித்துத் தீர்ப்பதன்றோ நல்லது? மருந்தால் அதை அடக்குவது கணக்கை மிச்சம் வைப்பதாகாதோ?

இந்த வாதம் செல்லுமாகில் பசித்தவனுக்குச் சோறிடுவதும் கூடாது, பசியும் கர்மபலனே. பிறருடைய நோவில் அவருடைய கர்மத்தைக் கணக்கிடும் அதிகாரம் நமக்குத் தரப்படவில்லை. ஒருவனுக்கு வைஷ்ணவத்வம் உண்டா இல்லையா என்பது அவனுக்கே தெரியும் என்று நஞ்சீயர் அருளிச்செய்வாராம். பிறர் துன்பத்தைக் கண்டு ‘ஐயோ’ என்று நெஞ்சு இரங்கினால் உண்டு என்று கொள்ளலாம். இவனுக்கு இது தகும் என்று தோன்றினால் இல்லை என்று கொள்ளலாம். மாறனேரி நம்பியின் சரித்திரமும் இங்கே நினைக்கத்தக்கது. ஆளவந்தாருடைய நோவைத் தாம் ப்ரஸாதமாக வாங்கிக்கொண்டவர் அவர். அவர் திருநாடு அலங்கரித்தபோது, பெரிய நம்பி குலத்தைப் பாராமல் அவருக்குத் தாமே சரம கைங்கர்யம் செய்தார். இப்படிச் செய்யலாமோ என்று எம்பெருமானார் கேட்க, பெருமாளைவிட நான் உயர்ந்தவனும் அல்லேன், பெரிய உடையாரைவிட அவர் தாழ்ந்தவரும் அல்லர் என்ற கருத்துப்பட விடையளித்தார் பெரிய நம்பி. நோவுபட்ட சரீரத்தைத் தொட்டுச் செய்யும் தொண்டை நம் பூர்வர்கள் ஒருபோதும் கீழாகக் கருதியதில்லை.

மூன்றாவது சங்கையே எல்லாவற்றிலும் கனமானது, தமையனாருடையது. ஸ்ரீகீதையின் எட்டாம் அத்தியாயத்தில், முடிவில் எதை நினைத்துக்கொண்டு சரீரத்தை விடுகிறானோ அதையே அடைகிறான் என்று பகவானே சொல்லியிருக்கிறான். அப்படியிருக்க, நினைவை மங்கச்செய்யும் மருந்தைத் தகப்பனாருக்குக் கொடுப்பது அவருடைய பேற்றைப் பறிப்பதாகாதோ?

இதற்கான ஸமாதானம் நமக்கு அருகிலேயே, கச்சியில் பிறந்தது. திருக்கச்சி நம்பி பேரருளாளனுக்குத் திருவாலவட்டம் வீசும் கைங்கர்யம் செய்தவர். வீசும்போது அவனோடு பேசுமவர். இளையாழ்வாராயிருந்த எம்பெருமானார் தம் நெஞ்சிலிருந்த ஐயங்களை இன்னவை என்று சொல்லாமலே அவர் மூலம் கேட்கச் சொல்ல, பேரருளாளன் ஆறு வார்த்தைகளை அருளினான் என்பது குருபரம்பரை. தானே பரதத்துவம், ஜீவனும் தானும் வேறு, சரணாகதியே உபாயம், சரீர முடிவில் மோக்ஷம், பெரிய நம்பியை ஆச்ரயிப்பது என்பவற்றோடு, ப்ரபந்நனுக்கு அந்திம ஸ்ம்ருதி வேண்டா என்பதும் அவற்றுள் ஒன்று. கீதையில் சொன்னது தன் முயற்சியால் உபாஸனம் செய்து அடைபவனுக்கு. தன் பாரத்தை அவனிடம் வைத்துவிட்டவனுக்குக் கடைசி நினைவும் அந்தப் பாரத்திலே அடக்கம். அப்படி ஒரு நினைவு வேண்டுமென்று அவன் திருவுள்ளம் கொண்டால், அதை உண்டாக்குவதும் அவன் பொறுப்பே.

ஸ்ரீவராஹ நாயனார் பூமிப் பிராட்டிக்குச் சொன்ன வார்த்தையும் இதுவே. மனமும் சரீரமும் நன்றாயிருக்கும் நாளில் என்னை நினைத்தவன், பின்பு கட்டையும் கல்லும் போலே கிடக்கும்போது, நான் அவனை நினைத்து உயர்ந்த கதியை அடைவிக்கிறேன் என்பது அதன் திரண்ட பொருள். இதில் கட்டை, கல் என்ற உவமைகளைக் கவனிக்க வேண்டும். வாய் திறவாமல், கண் திறவாமல், அழைத்தால் திரும்பாமல் கிடக்கும் ஒருவனை எம்பெருமான் முன்னமே கண்டிருக்கிறான். அவனுக்காகவே பேசுகிறான்.

மருத்துவ உண்மையும் தமையனாருடைய அச்சத்தைப் பெரிதும் தளர்த்தியது. மார்ஃபின் கொடுக்கத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாட்கள் உறக்கம் மிகும். பின்பு பெரும்பாலோர்க்குத் தெளிவு திரும்பிவிடும். வலிக்குத் தக்க அளவாகக் கொடுக்கும்போது அது சாவை விரைவுபடுத்துவதில்லை. நோயாளியை அடிமைப்படுத்துவதும் இல்லை. மலச்சிக்கல் தொடர்ந்து இருக்கும். அதற்கான மருந்தையும் உடன் தருவார்கள். இறுதி நாட்களில் வரும் மயக்கமோ மருந்து இல்லாவிட்டாலும் நோயினாலேயே வரும். உலகில் சட்டப்படி அபினி விளைவிக்கும் நாடுகளில் முன்னிற்கும் நம் தேசத்திலேயே, 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடிகளால் பல்லாண்டுகள் நோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பது அரிதாயிருந்தது. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். அந்த இடைக்காலத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அலறிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது.

அரசு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளோடு, வட்டாரத்து நோய் ஆதரவுச் செவிலியர் முதன்முறை எங்கள் இல்லத்துக்கு வந்தபோது, தகப்பனார் இரண்டு இரவுகளாக உறங்காமல் முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு கிடந்தார். அந்த அம்மையார் அவர் அருகே தரையில் அமர்ந்து, “தாத்தா, எந்த நேரத்துல வலி ஜாஸ்தி?” என்று கேட்டார். பிறகு எங்களிடம், “வலி வந்தப்புறம் குடுக்காதீங்க சார். மணி பாத்துக் குடுங்க. வலி வர்றதுக்கு எடமே வைக்கக்கூடாது” என்றார். நான்கு மணிக்கு ஒருமுறை என்று சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை தகப்பனார் கால்களை நீட்டிப் படுத்திருந்தார். தலையணையைச் சாய்த்து வைக்கச் சொன்னார். திருப்பல்லாண்டைத் தாமே தொடங்கி, மூச்சு வாங்கியதால் இடையில் நிறுத்தி, மற்றதைத் தமையனாரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். முந்தைய இரவுகளில் அவர் வாயில் இருந்ததெல்லாம் ‘அம்மா, அம்மா’ என்ற அரற்றல் ஒன்றே. நினைவைப் பறித்துக்கொண்டிருந்தது வலி. அதைத் திருப்பித் தந்தது மருந்து. தமையனார் அன்று முதல் சுவரில் இருந்த காகிதத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இரவு இரண்டு மணி வேளையையும் அவர் தவறவிட்டதில்லை.

தை மாதம் பிறந்தது. கனுவன்று பேரருளாளன் காஞ்சியிலிருந்து பழைய சீவரத்துக்கும் திருமுக்கூடலுக்கும் எழுந்தருளும் பார்வேட்டை உத்ஸவத்துக்குத் தகப்பனார் ஆண்டு தவறாமல் செல்வார். அவ்வாண்டு எங்களில் ஒருவரை அனுப்பித் தீர்த்தமும் திருத்துழாயும் கொண்டுவரச் சொன்னார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்திலுள்ள திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் ஸந்நிதியில், 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனுடைய நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. வேதம் ஓதும் மாணவர்களுக்கும் கோயிற்பணியாளர்களுக்கும் என அங்கே ‘வீரசோழன்’ என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை நடந்ததை அது கூறுகிறது. படுக்கைகள் பதினைந்து. நாடி பார்க்க ஒரு மருத்துவர், அறுவைக்கு ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், மருந்திட்டுப் பணிவிடை செய்யப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் இத்தனை நெல், இத்தனை காசு என்று விதித்திருக்கிறது. தசமூல ஹரீதகி, பில்வாதி க்ருதம் முதலாக இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் உண்டு. இரவெல்லாம் எரியும் ஒரு விளக்குக்கு எண்ணெயும் உண்டு.

அது இன்று நாம் சொல்லும் ஹாஸ்பிஸ் அன்று; நோய் தீர்க்கும் சாலை. ஆயினும் அந்தக் கல்வெட்டு எங்களுக்கு ஒன்றைக் கற்பித்தது. பெருமாளுடைய திருவிளக்குக்கு எண்ணெய் அளந்த அதே கணக்கில், நோயாளியின் படுக்கையருகே எரியும் விளக்குக்கும் எண்ணெய் அளந்திருக்கிறார்கள். இரண்டும் கோயிற்செலவே. ஆகவே எங்கள் கூடத்தில் நடந்ததையும் கைங்கர்யமாகவே எண்ணப் பழகினோம். கைங்கர்யமென்றால் ஏனோதானோவென்று செய்ய முடியாது; முறை தெரிந்து செய்ய வேண்டும். செவிலியர் கற்றுக்கொடுத்தவற்றை வாசகர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். உணவை மறுக்கத் தொடங்கினால் வற்புறுத்தக்கூடாது. சாப்பிடாததால் சரீரம் முடிவதில்லை. முடியப்போவதால் சரீரம் உணவைக் கேட்பதில்லை. தமக்கையாருக்கு இதுவே எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது. குழைத்த தயிர்சாதத்தோடு அவர் அருகிலேயே நிற்பார். விழுங்கும் சக்தி போனபின் வாயில் எதை விட்டாலும் அது மூச்சுக்குழலில் இறங்கக்கூடும். ஆகையால் தீர்த்தத்தையும் பஞ்சில் நனைத்து உதட்டில் ஒற்றினால் போதும். மூச்சுத் திணறும்போது முகத்துக்கு நேரே மெல்ல விசிறினால் திணறல் தணியும். இதை மருத்துவர்களே சொல்கிறார்கள். பனையோலை விசிறியைத் தமக்கையாரிடம் கொடுத்தோம். சோறு ஊட்ட முடியாத கைக்கு ஒரு பணி கிடைத்தது. திருக்கச்சி நம்பி வீசியதும் காற்றுதானே என்று தகப்பனார் அன்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் எங்களிடம் தெளிவாகப் பேசிய கடைசி வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

காதில் கேட்பது நெடுநேரம் நிற்கக்கூடும் என்பது மருத்துவர் பலருடைய கருத்து. ஆகவே அவர் கண்மூடிக் கிடந்த நாட்களிலும் தாழ்ந்த குரலில் திருவாய்மொழி ஸேவித்துக்கொண்டிருந்தோம். ‘சொல்லுங்கோ அப்பா, நாராயணா சொல்லுங்கோ’ என்று தோளைத் தட்டி அவரை எழுப்பும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டோம். தொடக்கத்தில் நாங்கள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது அதுவே. திருநாமத்தைத் தானே கேட்டோம், பொருளையா கேட்டோம் என்று முதலில் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு நாமம் வந்தால் எங்கள் மனம் ஆறும் என்பதற்காகவே அவரை உலுக்கினோம். சுற்றியிருப்பவர்கள் தங்களுக்கு வேண்டியதை அவனிடம் கேட்கிறார்கள் என்பதன்றோ ஆழ்வார் காட்டிய காட்சி? கேட்கும் பொருள் உயர்ந்ததாயிருந்தது. கேட்ட விதம் மாறவில்லை.

மாசியில் ஒரு நவமி. விசேஷமான நாள் ஒன்றுமில்லை. விடியற்காலையில் அவருடைய மூச்சின் இடைவெளி நீண்டது. எம்பெருமானார் திருநாட்டுக்கு எழுந்தருளும்போது திருமுடி எம்பார் மடியிலும் திருவடிகள் வடுக நம்பி மடியிலும் இருந்தன என்பர். அதை நினைத்து, தமையனார் தலைமாட்டிலும் எங்களில் மற்றவர் கால்மாட்டிலும் அமர்ந்தோம். தமக்கையார் விசிறிக்கொண்டிருந்தார். தகப்பனார் எதுவும் சொல்லவில்லை. உதடும் அசையவில்லை. ஒரு மூச்சுக்குப் பின் அடுத்தது வரவில்லை, அவ்வளவே.

காரியங்கள் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, திண்ணையில் அமர்ந்திருந்தபோது தமையனார் சொன்னார்: “எல்லாம் சரிதான். ஆனா அப்பா கடைசியில ஒரு நாமம் சொல்லலையே.”

ஆறு வார்த்தைகளை அறிந்தவர்தாம். வராஹ நாயனார் வார்த்தையையும் அறிந்தவர்தாம். அறிந்தும் அந்தக் குறை அவர் நெஞ்சில் கிடந்தது. அதை வாதத்தால் போக்க எங்களுக்கு மனமில்லை; அது அன்பிலிருந்து வரும் குறை. ஒன்று மட்டும் அவரிடம் சொன்னோம். அப்பா சொல்லாதது கடைசி ஒரு வாரம். அதற்கு முன்னால் அறுபது ஆண்டுகள் சொல்லியிருக்கிறார். ஆழ்வார் தம் விண்ணப்பத்தை முன்கூட்டியே செய்துவைத்தது, பின்னால் இப்படி ஒரு வாரம் வரும் என்று தெரிந்துதானே? கேட்டவன் மறந்துவிட்டான் என்று நாம் நினைத்தால், குறை அப்பாவிடத்தில் இல்லை. கேட்டவனிடத்தில் நாம் குறை சொன்னதாகும். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “ரெண்டு மணி மாத்திரைக்கு இப்பவும் முழிப்பு வந்துடறது” என்றார்.

உத்திரமேரூர் என்றால் உலகோர் நினைப்பது குடவோலைக் கல்வெட்டுகளை. பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த சபை விதிகளை. அவற்றைக் காண வருகிறவர்கள் அருகிலுள்ள சுந்தரவரதப் பெருமாள் ஸந்நிதிக்கும் செல்வதுண்டு. பல்லவர் காலத்துக் கோயில். விமானத்தில் மூன்று நிலைகள். கீழ்நிலையில் எம்பெருமான் நின்றுகொண்டிருக்கிறான், நடுநிலையில் வீற்றிருக்கிறான், மேல்நிலையில் பள்ளிகொண்டிருக்கிறான். தகப்பனார் சிறுவயதில் எங்களைப் படியேற்றி அழைத்துப்போய் மூன்றையும் ஸேவிக்கவைத்தவர். மாசிக்குப் பின் ஒருநாள் நாங்கள் மூவரும் மீண்டும் அப்படிகளில் ஏறினோம். நின்றவர், பின்பு உட்கார்ந்தவர், பின்பு கிடந்தவர் என்று எங்கள் கண்முன் ஆறு மாதத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. கிடந்த நிலையைத் தாழ்வென்று எண்ணி, எழுப்பி நிறுத்த எவ்வளவு பாடுபட்டோம்! இங்கே அந்த நிலை மேல்தளத்தில் இருக்கிறது.

தமக்கையார் அங்கே வெகுநேரம் நின்றார். ஸந்நிதியில் காற்றில்லை. புடவைத் தலைப்பால் தம்மையறியாமல் இரண்டு முறை விசிறினார். பிறகு கீழே இறங்கினோம்.

வாசகர்களுக்கு அடியோங்கள் விண்ணப்பிப்பது இதுவே. உங்கள் இல்லத்தில் ஒருவர் மீளாத நோயோடு படுத்திருந்தால், வலியைத் தணிக்கும் மருந்தை நினைவின் பெயரால் அவருக்கு மறுக்க வேண்டா. அவரிடம் உண்மையை மறைக்க வேண்டா. அவருக்கு என்ன விருப்பம் என்று, சொல்லும் சக்தி இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோய் ஆதரவுச் செவிலியரைப் பற்றி விசாரியுங்கள். நினைக்கும் பொறுப்பை ஏற்றவன் ஏற்றுக்கொண்டுவிட்டான். இரண்டு மணி மாத்திரையும், பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதும், உலர்ந்த உதட்டை நனைப்பதும் நமக்கென்று விட்டிருக்கிறான்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்